கல்லைப் படிக்க எங்கே தொடங்குவது? தாராசுரத்தில் ஒரு முதல் பாடம்

சிற்பங்கள் நிறைந்த பழைய கோயிலுக்குள் முதல்முறை போகிறவர்களுக்குக் கண் எங்கே நிற்பது என்று தெரியாது. தூணைப் பார்த்தால் சுவர் இழுக்கும், சுவரைப் பார்த்தால் விமானம் இழுக்கும். அரை மணி நேரத்தில் ஒரு சுற்று வந்துவிடுவோம். "என்ன நுணுக்கம்!" என்று வியந்து பத்து இருபது படம் எடுத்துக்கொண்டு கிளம்புவோம். வீட்டுக்கு வந்த பிறகு என்ன பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், ஒரு குதிரை, ஒரு சக்கரம், நிறையத் தூண்கள் என்பதற்கு மேல் சொல்ல வாய் வராது.

நானும் தாராசுரத்தை அப்படித்தான் மூன்று நான்கு முறை பார்த்திருந்தேன். ஐந்தாம் முறை அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு அப்போது ஏழு வயது. நான் கழுத்தை நிமிர்த்தி மாடத்துச் சிலைகளைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் சுவரோடு சுவராக நடந்து போனவள் ஓரிடத்தில் நின்றுவிட்டாள்.

"மாமா, இங்க வாங்களேன். முதலை வாய்லேர்ந்து ஒரு பையன் வர்றான்."

குனிந்து பார்த்தேன். இருந்தது. நீர், முதலை, அதன் வாயிலிருந்து வெளிப்படும் பிள்ளை, பக்கத்தில் நிற்கும் அடியார். எத்தனை முறை அதன் எதிரிலேயே நடந்து போயிருப்பேன்! என் கண் மட்டத்துக்குக் கீழே இருந்ததால் பார்க்காமலேயே விட்டிருக்கிறேன். அவள் உயரத்துக்கு அது நேர் எதிரில் இருந்தது.

அன்றைக்குக் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். சிற்பக் கோயிலைக் கீழிருந்து பார்க்கத் தொடங்க வேண்டும். அதுவும் நின்று, குனிந்து, முடிந்தால் உட்கார்ந்து.

முதலில் கோயிலைப் பற்றிக் கொஞ்சம். கும்பகோணத்துக்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில். 12-ஆம் நூற்றாண்டின் நடுவில் இரண்டாம் இராசராச சோழன் எடுப்பித்தது. இராசராசபுரம் என்ற ஊர்ப்பெயர்தான் தேய்ந்து தாராசுரம் ஆயிற்று. இந்திரனின் வெள்ளை யானை ஐராவதம், துர்வாசரின் சாபத்தால் நிறம் இழந்து, இங்கே வழிபட்டு மீண்டும் வெண்மை பெற்றது என்பது தலபுராணம். சுவாமிக்குப் பெயர் வந்தது அதனால்தான். தஞ்சைப் பெரிய கோயில் 1987-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004-இல் அதனோடு சேர்க்கப்பட்டன.

தஞ்சை விமானம் ஏறத்தாழ 60 மீட்டர் உயரம். தாராசுரத்தில் 24 மீட்டர்தான். தஞ்சையில் எட்ட நின்று அண்ணாந்து பார்க்கிறோம். தாராசுரத்தில் எட்ட நின்றால் பாதி போய்விடும். இந்தக் கோயிலைக் கட்டியவர்கள் உயரத்தில் காட்டாத ஆசையை எல்லாம் நுணுக்கத்தில் காட்டியிருக்கிறார்கள். புதிதாகப் பார்க்க வருகிறவர்களை நான் முதலில் இங்கே அனுப்புவதற்குக் காரணம் அதுதான்.

அடியிலிருந்து முடி வரை

திராவிடக் கோயில் விமானத்தை, அதாவது கருவறையும் அதன் மேல் எழும் அடுக்குகளும் சேர்ந்த கட்டடத்தை, சிற்ப நூல்கள் ஆறு உறுப்புகளாகப் பிரிக்கின்றன. கீழிருந்து மேலாக: அதிட்டானம், பாதம், பிரஸ்தரம், கிரீவம், சிகரம், தூபி. பெயர்களைக் கேட்டு மிரள வேண்டாம். நிற்கிற ஒரு மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள். பாதம் என்ற பெயரே அங்கிருந்து வந்ததுதான். கிரீவம் என்றால் கழுத்து, சிகரம் தலை, தூபி தலைக்கு மேல் கலசம்.

அதிட்டானம் என்பது தாங்குதளம். பழைய வீட்டுத் திண்ணை போல, சுவருக்கு அடியில் முன்தள்ளி நிற்கும் கல் அடுக்கு. அதில் சில வரிகள் உண்டு. அடியில் தட்டையாக வருவது ஜகதி. அதற்கு மேல் உருண்டோ பட்டை பட்டையாகவோ புடைத்து வருவது குமுதம். அதற்கு மேல் உள்வாங்கிய ஒரு பள்ளம், அது கண்டம். அதை மூடிக்கொண்டு வெளியே நீட்டுவது பட்டிகை. புடைப்பு, பள்ளம், புடைப்பு என்ற இந்த ஒழுங்கு வெறும் அழகுக்காக வந்ததல்ல. வெயில் சாய்ந்து விழும்போது ஒவ்வொரு புடைப்பும் அடுத்த பள்ளத்தின் மேல் நிழல் போடும். அந்த நிழல்கோடுகளால்தான் அத்தனை கனமான கல்லும் கண்ணுக்கு இலகுவாகத் தெரிகிறது. சில கோயில்களில் இதற்கும் கீழே உபபீடம் என்று இன்னொரு மேடையும் வைப்பார்கள்.

கண்டம் என்ற அந்தப் பள்ளத்தை நினைவில் வையுங்கள். சிறு சிற்பங்கள் ஒளிந்திருக்கும் இடங்களில் அது முக்கியமானது.

அடுத்தது பாதம், அதாவது சுவர். சோழர் கோயிலில் சுவர் வெறுமனே விரிந்து கிடக்காது. அரைத்தூண்கள் அதைப் பகுதி பகுதியாகப் பிரிக்கும். இரண்டு அரைத்தூண்களுக்கு நடுவே மாடம் வைத்து அதில் தெய்வத் திருமேனியை நிறுத்துவார்கள். கோட்டம் என்றும் கோஷ்டம் என்றும் சொல்வது இதைத்தான். சிவன் கோயில் கருவறைச் சுவரில் தெற்கே தட்சிணாமூர்த்தி, மேற்கே லிங்கோத்பவர், வடக்கே பிரமன் என்பது நாம் வலம் வரும்போது பார்த்துப் பழகிய வரிசை. லிங்கோத்பவரை அடையாளம் காண்பது எளிது: நெருப்புத் தூணின் அடியைத் தேடி நிலத்தைக் குடையும் பன்றி, முடியைத் தேடிப் பறக்கும் அன்னம். கதை தெரிந்திருந்தால் உருவம் தானே பிடிபடும்.

அரைத்தூணின் உச்சியில், உத்தரத்தைத் தாங்குகிற கை போல ஒரு கல் இருக்கும். அதற்குப் போதிகை என்று பெயர். கோயில் பார்க்கத் தொடங்குகிறவர் ஒரே ஓர் உறுப்பைக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் நான் போதிகையைச் சொல்வேன். கல்வெட்டு படிக்கத் தெரியாதவருக்கும் அது காலத்தைச் சொல்லிவிடும். பல்லவர் காலத்தில் அது அலையலையாகச் சுருண்டிருக்கும், தரங்க போதிகை என்பார்கள். சோழர் காலத்தில் முகம் சரிவாக வெட்டப்பட்டு, நடுவில் ஒரு முனை நீட்டிக்கொள்ளத் தொடங்கும். விசயநகர, நாயக்கர் காலத்துக்கு வந்தால் அந்த முனையே நீண்டு வளைந்து வாழைப்பூ மொட்டுப் போலக் கீழ்நோக்கித் தொங்கும். சோழர் கோயிலுக்கு முன்னால் நாயக்கர் மண்டபம் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர்கள் நம்மிடம் நிறைய உண்டு. அங்கெல்லாம் தலையைத் தூக்கி இரண்டு போதிகைகளை ஒப்பிட்டாலே, எது முன்னது எது பின்னது என்று ஒருவர் சொல்லாமலே தெரிந்துவிடும்.

சுவருக்கு மேல் பிரஸ்தரம், கூரைப் பகுதி. அதன் விளிம்பு, ஓலைக் கூரையின் இறவாணம் போல வளைந்து இறங்கும். அது கபோதம். அதன் மேல் வரிசையாகக் குதிரை லாட வடிவில் வளைவுகள் இருக்கும், கூடு என்று பெயர். மரமும் மூங்கிலும் வைத்துக் கட்டிய பழைய கூரைகளின் முகப்பு அப்படியே கல்லுக்கு வந்து தங்கிவிட்ட வடிவம் இது. கபோதத்துக்கு அடியில் எட்டிப் பாருங்கள்: குட்டையான, தொந்தி பெருத்த பூதகணங்கள் ஆடிக்கொண்டும் கொட்டிக்கொண்டும் வரிசையாக இருப்பார்கள். இந்தப் பூதவரியில் பல கோயில்களில் ஒரு முகம் போல இன்னொன்று இருக்காது. குழந்தைகளோடு போனால் இங்கேயே ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

அதற்கு மேலே தளங்கள். தாராசுரம் விமானம் ஐந்து தளம் கொண்டது. ஒவ்வொரு தளத்தின் விளிம்பிலும் சின்னச் சின்னக் கட்டட மாதிரிகள் மாலை போலச் சுற்றி வரும். மூலையில் சதுரமாக இருப்பது கர்ணகூடம், நடுவில் வண்டிக்கூடு போல நீளமாக இருப்பது சாலை. அதற்கும் மேலே கழுத்து, தலை, கலசம். இவற்றைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டால் போதும். மறுபடி கீழே வருவோம்.

சாணும் முழமுமான கதைகள்

அக்கா மகள் கண்ட முதலை, சுந்தரர் வரலாற்றில் வருவது. அவிநாசிக்குப் போகும் வழியில் ஒரு வீட்டில் பூணூல் கல்யாண மங்கல ஒலி, எதிர்வீட்டில் அழுகை. விசாரித்தால், ஒத்த வயதுள்ள இரண்டு பிள்ளைகள் குளத்துக்குப் போனதும், ஒருவனை முதலை விழுங்கியதும், பிழைத்தவனுக்குத்தான் இன்று பூணூல் என்பதும் தெரிகிறது. மகனை இழந்த பெற்றோர், வந்திருப்பவர் சுந்தரர் என்று அறிந்ததும் அழுகையை அடக்கிக்கொண்டு வணங்குகிறார்கள். அவர் குளக்கரைக்குப் போய்ப் பதிகம் பாடுகிறார். முதலை பிள்ளையைக் கொண்டுவந்து தருகிறது, இடையில் போன ஆண்டுகளின் வளர்ச்சியோடு.

இவ்வளவு நீளக் கதையைச் சிற்பி எப்படிச் சொல்கிறார் பாருங்கள். இரண்டு வீடுகளை, அழுகையை, பயணத்தை எல்லாம் விட்டுவிட்டார். பிள்ளை வெளியே வருகிற அந்த ஒரு நொடியைப் பிடித்துக்கொண்டார். அது மட்டும் போதும், மீதியைப் பார்க்கிறவர் மனம் நிரப்பிக்கொள்ளும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கல்லில் கதை சொல்வதன் அடிப்படை இதுதான்: எந்த நொடி முழுக் கதையையும் தூக்கி வருமோ அதைச் செதுக்குவது.

இது தனிச் சிற்பமல்ல. கருவறையைச் சுற்றிலும் தாங்குதளத்தில் நாயன்மார்கள் வரலாறு சிறு சிறு கட்டங்களாகத் தொடர்ந்து வருகிறது. பல கட்டங்களில் பெயரும் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. இரண்டாம் இராசராசனின் தந்தை இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில்தான் சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அப்படியானால் காப்பியம் அரங்கேறி ஒரு தலைமுறைக்குள் அந்த அடியார்கள் இங்கே கல்லில் ஏறியிருக்கிறார்கள். ஓலையில் படிக்க வாய்ப்பில்லாத உழவரும் நெசவாளரும் வலம் வரும்போதே அறுபத்து மூவரையும் பார்த்துவிட முடிந்தது. இந்த ஒரு காரணத்துக்காகவே தாராசுரம் எனக்குத் தஞ்சையைவிட நெருக்கமான கோயில்.

அந்தப் பெயர் எழுத்துகளைப் படிக்க முயன்று பாருங்கள், பயப்படாமல். 12-ஆம் நூற்றாண்டுத் தமிழ் எழுத்தில் பலவும் இன்றைய வடிவத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டவை. இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டமாட்டார்கள். ஆகவே "க" என்று இருப்பது "க்" ஆகவும் இருக்கலாம். கீழே இருக்கும் உருவத்தைப் பார்த்துக்கொண்டே எழுத்தைக் கூட்டினால், ஒரு பெயராவது பிடிபட்டுவிடும். பிடிபடும் அந்த நொடியில் எண்ணூறு ஆண்டுக்கு முந்தைய ஒருவர் உங்களிடம் நேரே பேசியது போல இருக்கும்.

கண்ணப்பரைத் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: எந்தக் கோயிலில் பார்த்தாலும் காலைப் பாருங்கள். ஒரு கண்ணை அப்பிவிட்டு, இரண்டாம் கண்ணையும் பெயர்க்கும்போது இடம் தெரியாமல் போய்விடுமே என்று, லிங்கத்தில் குருதி வழியும் இடத்தில் தன் காலை ஊன்றிக்கொள்கிறார் அல்லவா? லிங்கத்தின் மேல் கால் வைத்தவர் வேறு யாரும் இல்லை. இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு கைநாட்டு உண்டு. மழுவும் மானும் சிவனுக்கு, சங்கும் சக்கரமும் திருமாலுக்கு, காலடியில் எருமைத் தலை துர்க்கைக்கு. பத்துப் பன்னிரண்டு அடையாளங்களை மனத்தில் வைத்துக்கொண்டால் தமிழ்நாட்டின் எந்தக் கோயிலிலும் வழிகாட்டி இல்லாமல் பாதிச் சிற்பங்களை இனம் காணலாம்.

தேர் மண்டபம்

எல்லாரும் படம் எடுப்பது முன்மண்டபத்தைத்தான். கல்வெட்டில் அதன் பெயர் இராசகம்பீரன் திருமண்டபம். அதன் பக்கவாட்டில் கல் சக்கரமும், பாயும் குதிரையும் செதுக்கி, மண்டபத்தையே தேராக்கியிருக்கிறார்கள். முப்புரம் எரிக்கச் சிவபெருமான் ஏறிப்போன தேருக்குச் சூரியனும் சந்திரனும் சக்கரங்கள், பிரமன் சாரதி என்பது புராணம். அந்த நினைவோடு பார்த்தால் சக்கரத்தின் பொருள் பெரிதாகும். தேர் வடிவக் கட்டடம் என்றதும் பலருக்கு ஒடிசாவின் கொனாரக் சூரியன் கோயில் ஞாபகம் வரும். அது 13-ஆம் நூற்றாண்டில் எழுந்தது, தாராசுரம் அதற்கு மூத்தது. தாராசுரத்துக்கும் மூத்ததாக, முதலாம் குலோத்துங்கன் காலத்து மேலக்கடம்பூர்க் கோயில் நம் பக்கத்திலேயே இருக்கிறது.

மண்டபத்துக்குள் போனதும் அத்தனை தூண்களையும் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பாதீர்கள். அதுதான் களைப்புக்குக் காரணம். ஒரே ஒரு தூணைத் தேர்ந்தெடுங்கள். அதன் நான்கு பக்கத்தையும், அடியிலிருந்து போதிகை வரை, மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சதுரமான இடங்களில் கதைக் காட்சிகள் வரும், கொடிகள் ஓடும், கொடி வளைந்து உண்டான வட்டத்துக்குள் விரல் நீளத்தில் ஒரு ஆடல்மகள் நிற்பாள். ஒரு தூணுக்குக் கால் மணி நேரம் கொடுங்கள். அதைச் செதுக்கியவர்கள் எத்தனை நாள் கொடுத்திருப்பார்கள்! மலையே இல்லாத காவிரிப் படுகையில் ஒவ்வொரு கல்லும் தொலைவிலிருந்து வந்து இறங்கியது. உளி தவறி ஒரு மூக்கு தெறித்தால் ஒட்டவைக்க வழியில்லை.

இங்கே தேடிப் பார்க்க வேண்டிய இன்னொன்று ரிஷப குஞ்சரம். காளையும் யானையும் எதிரெதிரே நிற்கும், இரண்டுக்கும் தலை ஒன்றே. உள்ளங்கையால் ஒரு பக்கத்து உடலை மறைத்தால் யானை. மறு பக்கத்தை மறைத்தால் காளை. காளையின் தலையாகத் தெரிந்ததே யானையாகப் பார்க்கும்போது யானையின் தலையாகிவிடுகிறது. கையைத் தொலைவில் காற்றில் வைத்து மறைத்துப் பாருங்கள், கல்லின் மேல் வைக்க வேண்டாம்.

இதை வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் பார்த்து மனம் வலிக்கிறது. சிற்பத்தைத் தொடுவது, அதன் மேல் சாய்ந்து படம் எடுப்பது, விபூதியும் குங்குமமும் மிச்சமானால் மாடத்தில் கொட்டுவது, எண்ணெய்க் கையைத் தூணில் துடைப்பது: ஒருவர் செய்தால் ஒன்றும் தெரியாது. ஆயிரம் பேர் செய்தால் முகம் மழுங்கிப்போகும். இங்கே பலிபீடத்தை ஒட்டித் தட்டினால் ஒலி எழுப்பும் இசைப் படிகள் இருக்கின்றன. பாதுகாப்புக்காக அவற்றுக்குக் கம்பித் தடுப்பு போட வேண்டியதாயிற்று. கல் உறுதியானது என்று நாம் நினைக்கிறோம், விரல் நுனியளவு மூக்கும் உதடும் அப்படி உறுதியானவை அல்ல.

போக நல்ல நேரம் காலை திறந்ததும், அல்லது மாலை வெயில் சாயும்போது. குளிர்ச்சிக்காக மட்டும் சொல்லவில்லை. ஆழம் குறைந்த சிறு சிற்பங்கள் சாய்ந்த வெளிச்சத்தில்தான் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் அதே கட்டம் தட்டையாகிவிடும்; காலையில் முதலை தெரிந்த இடத்தில் நண்பகலில் வெறும் கல் தெரியும். செருப்பில்லாத காலுக்கு நண்பகல் கல் தரை தாங்காது என்பது தனி. கோயில் வளாகம் சுற்றுப்புறத்தைவிடத் தாழ்ந்திருப்பதால் மழைக்குப் பிறகு தண்ணீர் நிற்பது உண்டு. மழைக்காலத்தில் போகிறவர்கள் வேட்டியையோ பாவாடையையோ தூக்கிக்கொண்டு நடக்கத் தயாராக இருங்கள். வழிபாடு தொடரும் கோயில் இது. சுவாமியைக் கும்பிட்டுவிட்டு வெளிச்சுற்றில் தொடங்கினால், பூசை நேரத்தில் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் சாவகாசமாகப் பார்க்கலாம்.

வடபுறத் திருச்சுற்றையும் விட்டுவிடாதீர்கள். அங்கே 108 சைவ ஆசாரியர்களின் உருவங்கள் பெயரோடு வரிசையாக இருக்கின்றன. கூட்டம் அந்தப் பக்கம் அதிகம் வராது.

இன்னும் ஒரு நாள் கையில் இருந்தால் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போங்கள். தாராசுரத்துச் சிற்பங்கள் சில அங்கேதான் இருக்கின்றன. யானையை உரித்துப் போர்த்தும் சிவபெருமான் அவற்றில் ஒன்று. உடல் முறுகித் திரும்பும் அந்த வேகத்தை முதலில் பார்த்துவிட்டு, பிறகு உங்கள் பழக்கப்படி கீழே பாருங்கள். குழந்தை முருகனை அணைத்தபடி உமையவள் அச்சத்தோடு ஒதுங்குகிறாள். அதே கூடத்தில் தாராசுரத்திலிருந்து வந்த ஒரு துவாரபாலகரும், அதாவது வாயிற்காவலர் சிலையும், நிற்கிறார். முகமும் நகைகளும் சோழச் சிற்பம் போல இல்லையே என்று தோன்றும். அவர் பீடத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. சாளுக்கியரின் கல்யாணபுரத்தை வென்று சோழ மன்னர் கொண்டுவந்த துவாரபாலகர் என்று அது சொல்கிறது. புள்ளி இல்லாத எழுத்துதான். கூட்டிப் படித்துவிடலாம்.